அகலத்தைத் தாங்கும் ஊசி



நம் இல்லங்களில் குரோஷா ஊசியை அறியாதவர் அரிது. தொழுகைக்குப் புறப்படும் ஆண்மக்கள் அணியும் வெண்ணிறக் கண்ணித் தொப்பி, தலையணை உறையின் ஓரத்து லேஸ், முன்னறை மேசைமீது விரித்த பூவேலை விரிப்பு ஆகிய யாவும் ஒரு சாண் நீளமுள்ள சிறிய ஊசியின் வேலை. அவ்வூசிக்கு நெருங்கிய உறவான இன்னோர் ஊசியை இவ்விதழில் உங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறேன். அதைக் கொண்டு பின்னும் முறைக்குத் துனீசியக் குரோஷா என்று பெயர். அறிமுகத்தோடு நின்றுவிடாமல், போர்வை போன்ற அகலமான பொருள்களைப் பின்ன முற்படுவோர் எத்தகைய ஊசியைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதையும் சற்று விரிவாகவே எழுதப் போகிறேன். எங்கள் ஊரில் ஒரு சகோதரியின் மணிக்கட்டும், அவர் பின்னித் தருவதாக ஏற்றுக்கொண்ட ஒரு போர்வையும் இந்தக் கேள்வியில்தான் சிக்கிக்கொண்டன.

நெய்வேலியின் வெயிலில் உல்லன் நூலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவிலும் அப்படித்தான் கேட்டார்கள். மார்கழிப் பனியில் இரண்டு வாரம் போக, மற்ற நாள்களில் இங்கே போர்வை தேவைப்படுவதில்லை என்பது உண்மையே. ஆனால் பின்னுகிறவர் இருக்கும் ஊரிலேயே போர்த்துகிறவரும் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லையே!

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான குரோஷாவில் ஒரு கண்ணியை முடித்த பிறகே அடுத்த கண்ணிக்குப் போகிறோம். எனவே ஊசியின்மேல் எந்நேரமும் ஒன்றிரண்டு கண்ணிகளே தங்கியிருக்கும். விரிப்பு பத்தடி அகலமானாலும் சிறிய ஊசியே போதும். துனீசிய முறையில் அப்படியன்று. அடியில் ஒரு சங்கிலியைப் போட்டுக்கொண்டு, அதன் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒரு கண்ணியை இழுத்து, இழுத்த கண்ணியை விட்டுவிடாமல் ஊசியிலேயே வைத்துக்கொண்டு போகிறோம். வரிசையின் மறுமுனையை அடையும்போது அகலம் முழுவதும் ஊசியின்மேல் வரிசையாக அமர்ந்திருக்கும். இது போகிற நடை. பிறகு துணியைத் திருப்பாமலேயே, முதலில் ஒரு சங்கிலிக்கண் போட்டு, அதன்பின் நூலைச் சுற்றி இரண்டிரண்டு கண்ணிகளாக இழுத்துக் கழற்றிக்கொண்டு வந்த வழியே மீள்கிறோம். கடைசியில் ஊசியில் ஒரே ஒரு கண்ணி எஞ்சும். இது திரும்புகிற நடை. இரண்டும் சேர்ந்தால் ஒரு வரிசை. துணியின் முன்பக்கம் எப்போதும் நம்மைப் பார்த்தபடியே இருக்கும்.

எங்கள் மதரஸாவில் பெரிய மாணவியர்க்கு வியாழக்கிழமை மாலையில் பாடம் முடிந்தபின் இதைச் சொல்லிக்கொடுத்தபோது, கரும்பலகையில் ஓர் அரபு வரியையும் அதன் கீழே ஒரு தமிழ் வரியையும் எழுதினேன். வலக்கைப் பழக்கமுள்ளவர்க்குப் போகிற நடை வலமிருந்து இடமாக, அரபு எழுத்துப்போல் செல்லும். திரும்புகிற நடை இடமிருந்து வலமாக, தமிழ் எழுத்துப்போல் வரும். அதன்பின் யாரும் திசை கேட்கவில்லை. வகுப்பில் இடக்கைப் பழக்கமுள்ள பெண் ஒருத்தி இருந்தாள். "அப்படியென்றால் எனக்கு முதலில் தமிழ், பிறகு அரபு" என்று அவளே சொல்லிக்கொண்டு பின்னத் தொடங்கினாள்.

நெய்வேலிக்காரர்களுக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு நீளும் கன்வேயர் பட்டையைப் பார்த்திருக்கிறோம். மேற்பக்கம் சுமையோடு போகிறது. கீழ்ப்பக்கம் வெறுமையாகத் திரும்புகிறது. இந்த ஊசியும் போகும்போது சுமையை ஏற்றிக்கொள்கிறது, திரும்பும்போது இறக்கிவிடுகிறது. அந்தச் சுமைதான் இக்கட்டுரையின் பொருள்.

இனி அந்தப் பெயர். நான் வரலாறு படித்தவள் ஆதலால், பெயரைக் கேட்டதும் துனீசியாவில் எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று தேடப் புகுந்தேன். ஆனால் இம்முறை துனீசியாவில் தோன்றியதாகச் சான்று ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இதன் செய்முறைகள் அச்சேறத் தொடங்கின. விக்டோரியா அரசியின் மூத்த மகள் 1858இல் பிரஷ்ய இளவரசரை மணந்தார். அக்காலத்தில் அவர் பெயரைச் சூட்டி 'இளவரசி பிரெடெரிக் வில்லியம் தையல்' என்றும் இதனை வழங்கினார்கள். பிரெஞ்சுக்காரர் இதற்குத் துனீசியக் குரோஷே என்று பெயரிட்டனர். அமெரிக்காவிலோ இதே பின்னலுக்கு 'ஆப்கான் தையல்' என்று பெயர். உல்லன் போர்வைக்கே அங்கே 'ஆப்கான்' என்று சொல்கிறார்கள். இரண்டு முஸ்லிம் நாடுகளின் பெயர்கள் ஒரு பின்னலுக்கு வாய்த்திருக்கின்றன. அந்நாடுகளுக்கு இதில் பங்கிருந்ததாகத் தெரியவில்லை!

துனீசியப் பெண்களுக்கென்று தனியே ஒரு பின்னல் உண்டு. செஷியா என்னும் சிவப்புத் தொப்பி அவர்கள் கையில்தான் உருப்பெறுகிறது. கம்பளி நூலால் மிகப் பெரிதாகவும் தளர்வாகவும் அதைப் பின்னிக் கொடுப்பார்கள். பிறகு அதை நீரில் துவைத்து, அடித்துச் சுருங்கவைத்து, நெருஞ்சி போன்ற முட்செடியின் காய்களால் வாரி, சாயம் தோய்த்து, கெட்டியான தொப்பியாக்குவார்கள். தூனிஸ் நகரில் ஸைத்தூனா பள்ளிவாசலுக்கு அருகில் அத்தொப்பிக்காரர்களுக்கென்றே ஒரு கடைவீதி இருக்கிறது. நம் முன்னோர் அணிந்த துருக்கித் தொப்பியின் உறவு அது. அங்கும் பின்னுகிற கை பெண்ணுடையது; கடையில் அமர்ந்திருப்பவர் ஆண். இதை இங்கே குறித்துவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

எனக்கு இக்கலையைக் கற்றுத் தந்தவர் எங்கள் வட்டத்தில் மகனோடு வசிக்கும் மலையாளத்துச் சேச்சி ஒருவர். செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். கேரளத்திலிருந்து 1960களிலும் 70களிலும் இளம்பெண்கள் பலர் செவிலியர் பணிக்காக ஜெர்மனிக்குச் சென்றார்கள். சேச்சியின் மூத்த சகோதரியும் அவர்களுள் ஒருவர். விடுமுறைக்கு வந்த ஓராண்டு தங்கைக்கென்று 35 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அலுமினிய ஊசியைக் கொண்டுவந்தாராம். ஒரு முனையில் கொக்கி. மறுமுனையில் கண்ணிகள் நழுவாதபடி ஒரு குமிழ். பார்வைக்குக் குரோஷா ஊசிக்கும் ஸ்வெட்டர் பின்னும் ஊசிக்கும் பிறந்த பிள்ளைபோல் இருக்கும். பின்னலின் தன்மையும் அப்படித்தான்.

"டீச்சரே, இதில் அவசரம் கூடாது. கண்ணி ஊசியில் நிற்கணும், கழுத்தை நெரிக்கக் கூடாது" என்பார் சேச்சி. கைவிரல்களை இறுக்கிப் பிடிக்கும் எவருக்கும் இந்தப் பின்னல் ஒத்துழைக்காது. நூல் கண்ணிக்குள் ஊசி தடையின்றி நுழைய வேண்டும். இன்னொன்றையும் அவர் முதல் நாளே காட்டிவிட்டார். எளிய துனீசியக் கண்ணியில் பின்னிய துணி, கீழ்விளிம்பிலிருந்து மேல்நோக்கிச் சுருளும். அது பின்னுகிறவரின் குறையன்று. அந்தக் கண்ணியின் இயல்பு. சுருளலைக் குறைக்க வேண்டுமானால், அதே நூலுக்கு வழக்கமாக எடுக்கும் ஊசியைவிட ஒன்றிரண்டு அளவு பருத்த ஊசியை எடுக்க வேண்டும். முதல் வரிசையைச் சங்கிலியின் முதுகுப்புறத்து மேட்டிலிருந்து எடுப்பதும் உதவும். அடியிலும் முடிவிலும் நூலை முன்பக்கம் வைத்து எதிர்க்கண்ணியாகச் சில வரிசைகள் போடுவதும் உதவும். முடித்தபின் நனைத்து, தரையில் விரித்து, ஓரங்களைக் குண்டூசியால் நிறுத்திக் காயவைக்கலாம். நம் கடைகளில் 'உல்லன்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் அக்ரிலிக் நூல். அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள். சூட்டில் நூல் துவண்டு உயிரற்றுப் போய்விடும், பிறகு மீளாது.

நான் முதலில் பின்னியது ஒரு தொழுகை விரிப்பு. துனீசியப் பின்னல் துளையின்றிக் கெட்டியாகவும், முழங்காலுக்கு மெத்தென்றும் அமையும், எளிதில் இழுபடாது. இவையெல்லாம் விரிப்புக்கு வேண்டிய குணங்கள் அல்லவா? 27 அங்குல அகலத்திற்கு, அங்குலத்துக்கு நான்காக 108 கண்ணிகள். சேச்சியின் ஊசியோ 14 அங்குலம். கண்ணிகள் ஊசியின்மேல் நெருங்கி அமரக்கூடியவை ஆகையால், ஊசியின் நீளத்தைவிட அகலமான துணியையும் அது ஓரளவு தாங்கும். ஆனால் 108 கண்ணிகளும் வெள்ளிக்கிழமைக் கூட்டம்போல் தோளோடு தோள் உரசி நின்றன. இதற்கு மேல் அகலம் வேண்டுமென்றால் இந்த ஊசியால் இயலாது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

அந்த விரிப்பைப் பார்த்துத்தான் மந்தாரக்குப்பத்துச் சகோதரி என்னிடம் வந்தார். அவர் மகள் எங்கள் மதரஸாவில் ஓதுகிறாள். கணவரை இழந்தவர், தம்பியின் வீட்டில் இருந்துகொண்டு, கண்ணித் தொப்பிகள் பின்னிக் கடைக்குக் கொடுத்து வருகிறார். பாரிஸ் நகரில் வாழும் காரைக்கால் உறவினர் ஒருவர், இவர் கைவேலையை அறிந்து, கட்டிலுக்கு ஒரு போர்வை கேட்டிருந்தார். ஐந்தடி அகலம், ஆறடி எட்டு அங்குல நீளம். கெட்டியாக இருக்க வேண்டும், துளை கூடாது, முக்கியமாக, ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக இருக்க வேண்டும். துளையில்லாத கெட்டித் துணி என்றதும் சகோதரிக்கு என் விரிப்பு நினைவுக்கு வந்திருக்கிறது.

முறையைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாயிருந்தது. குரோஷாவில் 20 ஆண்டு பழகிய கை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பல மாதங்களாக அவருக்கு இரவில் வலக்கைப் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போய்த் தூக்கம் கலையும். எழுந்து கையை உதறிவிட்டுப் படுப்பாராம். மருத்துவர், மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்குண்டிருக்கிறது என்று சொல்லி, இரவில் அணிந்து படுக்க ஒரு பட்டையும் கொடுத்து, கைக்கு ஓய்வும் கொடுக்கச் சொல்லியிருந்தார். பட்டையை அணிந்துகொள்ளலாம், ஓய்வை எங்கே போய் வாங்குவது? (உங்களுள் எவருக்கேனும் இவ்வாறு விரல்கள் மரத்துப்போனால், தைலம் தேய்த்துக்கொண்டு நாள்களைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது.)

இப்போது கணக்கைப் பாருங்கள். தடித்த நூலும் 8 மில்லிமீட்டர் ஊசியும் என்றால் அங்குலத்துக்கு மூன்று கண்ணி. 60 அங்குல அகலத்துக்கு 180 கண்ணிகள். 80 அங்குல நீளத்துக்கு ஏறக்குறைய 200 வரிசைகள். ஆக 36,000 கண்ணிகள். ஒவ்வொன்றையும் போகும்போது ஒருமுறை எடுத்து, வரும்போது ஒருமுறை கழற்ற வேண்டும், 72,000 கையசைவுகள். ஓர் அசைவுக்கு இரண்டே நொடி என்று கொண்டாலும் 40 மணி நேரம். முடியும் தறுவாயில் துணியின் எடை இரண்டு கிலோவை நெருங்கும்.

நீண்ட கட்டை ஊசியில் இந்த எடை எங்கே தொங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊசியின் ஒரு முனையை நாம் பிடித்திருக்கிறோம். சுமை முழுதும் பிடித்த இடத்திலிருந்து தள்ளி, மறுமுனைவரை பரவிக் கிடக்கிறது. கிணற்றுத் துலாவை நுனியில் பிடித்துத் தூக்குவதுபோல, சுமை தள்ளிப் போகப் போக மணிக்கட்டு அதைப் பன்மடங்காக உணரும். ஊசியை இன்னும் நீட்டினால் கண்ணிகளுக்கு இடம் கிடைக்கும். கைக்குத் துன்பம் பெருகும். அதோடு நாற்காலியின் கையில் இடிக்கும், பேருந்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் விலாவில் குத்தும்.

இதற்கென்றே வந்திருப்பது கயிற்றூசி. கைப்பிடியளவு கொக்கித் தண்டும், அதன் பின்னால் வளையக்கூடிய நைலான் வடமும், வடத்தின் கோடியில் ஒரு தடுப்பும் கொண்டது. வடங்கள் 60, 80, 100, 120 சென்டிமீட்டர் என்றும் அதற்கு மேலும் கிடைக்கின்றன. எடுத்த கண்ணிகள் தண்டைக் கடந்து வடத்தின்மேல் போய் அமர்ந்துகொள்ளும். சுமை மடியிலே கிடக்கும். கை தூக்க வேண்டியது கொக்கியை மட்டுமே. அகலம் இரண்டடியைத் தாண்டுமானால் கயிற்றூசியைத் தவிர வேறொன்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நீலகிரியில் கேத்திக்கு அருகில் 1949இல் தொடங்கப்பெற்ற நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையின் 'போனி' ஊசிகளைத்தான் நம்மில் பலர் சிறு வயது முதல் அறிவோம். வடம் பொருத்தும் ஊசிகளை 'நிட்ப்ரோ' என்னும் இந்திய நிறுவனமும் செய்து உலகெங்கும் அனுப்புகிறது. ஆகவே இது வெளிநாட்டிலிருந்து யாரேனும் கொண்டுவந்தால்தான் உண்டு என்ற காலம் போய்விட்டது. நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரில் இல்லாவிட்டாலும் தபாலில் வருவித்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது சிலவற்றைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தண்டு முழுவதும் ஒரே பருமனாக இருத்தல் வேண்டும். சாதாரணக் குரோஷா ஊசியின் நடுவில் பெருவிரலுக்கென்று தட்டையாக்கிய இடம் இருக்குமே, அது இதற்கு ஆகாது; கண்ணிகள் அதன்மேல் ஏறும்போது அளவு மாறிப்போகும். தண்டும் வடமும் சேருமிடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் நூலும் தட்டும். ஒவ்வொரு வரிசையிலும் 180 முறை தட்டும். திருகிப் பொருத்தும் வகையாயின், பத்து வரிசைக்கு ஒருமுறை திருகை இறுக்கிக்கொள்ளுங்கள். நடுவரிசையில் வடம் கழன்றால் படும் பாட்டை எழுத்தில் சொல்ல இயலாது. வடம் பெட்டியில் சுருண்டு கிடந்த வாகிலேயே அடம்பிடித்தால், வெந்நீரில் சிறிது நேரம் இட்டு எடுத்து நேராக்கலாம்.

மூங்கிலா, உலோகமா என்று கேட்பவர்க்கு என் விடை இது: கற்கும்போது மூங்கில், அகலத்துக்கு உலோகம் அல்லது நன்கு மெருகேற்றிய மரம். மூங்கிலில் கண்ணி பற்றி நிற்கும். புதியவர்க்கு அது துணை. அகலமான வேலையில் கண்ணிகளை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே பற்று தொல்லையாகிவிடும்.

இவ்வளவையும் சகோதரிக்கு எடுத்துச் சொல்லி, 150 சென்டிமீட்டர் வடமுள்ள ஊசியை வாங்கச் சொன்னேன். விலையைக் கணக்கிட்டால் அவர் எட்டுத் தொப்பிகள் பின்னினால் கிடைக்கும் தொகை. வீட்டில் பேச்சு எழுந்தது. "பொழுதுபோக்குக்குப் பின்னும் ஊசிக்கு இத்தனை காசா?" என்று தம்பி கேட்டாராம். அவர் வெல்டிங் வேலை செய்பவர், நல்ல மனிதர், அக்காளையும் அவர் பெண்ணையும் முகம் சுளிக்காமல் வைத்துக் காப்பவர். அவருடைய அறுக்கும் கருவிக்கும் கண் கவசத்துக்கும் அவ்வப்போது பணம் செலவாகிறது. அதை யாரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது, அது தொழிற்கருவி. ஊசி மட்டும் ஏன் பொழுதுபோக்கு ஆயிற்று?

ஆந்திரத்தில் மேற்குக் கோதாவரிப் பகுதியின் நரசாப்பூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தபடியே குரோஷா லேஸ் பின்னி வெளிநாடுகளுக்கு அனுப்பி வந்தனர். ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்து எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. அப்பெண்கள் உலகச் சந்தைக்காக உழைத்தபோதும், 'வீட்டில் சும்மா இருப்பவர்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்' என்றே எண்ணப்பட்டதால் கூலி மிகக் குறைவாக நின்றுவிட்டது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். தூனிஸ் கடைவீதி, நரசாப்பூர், மந்தாரக்குப்பம் – கணக்கு ஒன்றுபோலவே இருக்கிறது.

சகோதரி அந்தப் போர்வைக்கு, நூல் விலை போக 2,000 ரூபாய் கேட்பதாக இருந்தார். 40 மணி நேரத்துக்கு 2,000 என்றால் மணிக்கு 50 ரூபாய். அதைச் சிலேட்டில் எழுதிக் காட்டியபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆலிமா, தொப்பிக்கும் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?" என்றார். போட்டுப் பார்த்தோம். அந்தத் தொகையை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

மறுநாள் அவர் ஒரு முடிவோடு வந்தார். நான் சொன்ன ஊசியை இப்போது வாங்கப்போவதில்லை. ஒரே துண்டாகவும் பின்னப்போவதில்லை. "ஒட்டு இல்லாத போர்வை அவங்களுக்கு வேணும். ஒடியாத கை எனக்கு வேணும்ல" என்றார். 12 அங்குல அகலத்தில் ஐந்து பட்டைகளாகப் பின்னி இணைப்பது அவர் திட்டம். ஒரு பட்டைக்கு 36 கண்ணிகளே. 14 அங்குல மூங்கில் ஊசியில் தாராளமாக நிற்கும். எடை எப்போதும் ஒரு பட்டையின் எடைதான். நான் எண்ணிப் பாராத இன்னொரு நன்மையையும் அவர் கண்டிருந்தார். பட்டை என்றால் மகளும் ஒரு பங்கு பின்னலாம். கயிற்றூசியில் கோத்த ஒரே துணியில் இருவர் அமர முடியாதே!

பாரிஸ் உறவினரிடம் தொலைபேசியில் பேசும்போது நான் அருகில் இருந்தேன். ஒட்டுப் போட்டது என்றால் மதிப்புக் குறைவு என்பது அவர் எண்ணம். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' குழுவினர், 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள் என்பதை அவருக்குச் சொன்னேன். அத்தனை பெரிய போர்வையை எந்த ஊசி தாங்கும்? பல ஊர்ப் பெண்கள் தத்தம் வீட்டில் சதுரம் சதுரமாகப் பின்னியவற்றை இணைத்ததுதான் அது. சகோதரி தம் விலையையும் சொன்னார்: நூல் விலை போக 4,500. மறுமுனையில் சிறிது மௌனம். பிறகு, இணைப்பு கோணாமல் இருந்தால் சரி என்று பதில் வந்தது.

தாய் மூன்று பட்டை, மகள் இரண்டு பட்டை. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இருவர் சேர்ந்து பின்ன எண்ணுவோர் கவனிக்க. மகளின் கை இறுக்கம். அதே 8 மில்லிமீட்டர் ஊசியில் அதே 36 கண்ணி போட்டும் அவள் பட்டை அரை அங்குலம் குறுகியது. 20 வரிசையில் நீளமும் குறைந்தது. கையைத் தளர்த்து என்று எத்தனை முறை சொன்னாலும் பயன் இராது; இறுக்கம் ஒருவருடைய கையெழுத்தைப் போன்றது. மாற்ற வேண்டியது ஊசியைத்தான். 9 மில்லிமீட்டர் கொடுத்ததும் இரு பட்டைகளும் ஒத்துவந்தன. வரிசைகளை நாடாவால் அளக்காமல், எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். பத்து வரிசைக்கு ஒரு வண்ண நூல் முடிச்சு. ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கண்ணியிலும் ஒற்றை இழையை எடுக்காமல் இரண்டு இழைகளையும் சேர்த்து எடுத்ததால் ஓரங்கள் சங்கிலிபோல் நேராக வந்தன. இணைக்கும்போது அந்தச் சங்கிலிகள்தாம் வழிகாட்டி. மொட்டை முனையுள்ள பெரிய ஊசியால் இருபுறமும் ஒன்றுக்கு ஒன்றாக எடுத்துத் தைத்தார்கள். இணைப்பை மறைக்க முயலாமல், சாம்பல் நிறப் பட்டைகளுக்கிடையே கரும்பச்சை நூலால் தைத்தார்கள். நான்கு கோடுகளும் வேண்டுமென்றே போட்ட அணிபோல் அமைந்தன. பட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதால் பக்கவாட்டுச் சுருளலும் அடங்கிற்று.

தாய் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்னவில்லை. அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைக்க வேண்டும் என்பது மகள் போட்ட சட்டம். அவள் அதைக் கண்டிப்பாகவே நிறைவேற்றினாள். இரவுப் பட்டையும் தொடர்ந்தது. இரு மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று. போர்வை, காரைக்காலிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட ஒருவரின் பெட்டியில் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பணத்தில் அவர் முதலில் செய்த செலவு கயிற்றூசி. வடம் 80 சென்டிமீட்டர் போதும் என்று அவரே தீர்மானித்தார். தொழுகை விரிப்புக்குப் பட்டை முறை ஒத்துவராது. நெற்றியும் முழங்காலும் படும் இடத்தில் இணைப்பு உறுத்தும். 27 அங்குலம் ஒரே துண்டாகத்தான் வேண்டும். எளிய துனீசியக் கண்ணி சிறு சிறு கட்டங்களாக அமைவதால், அதன்மேல் குறுக்குத் தையலால் மிஹ்ராப் வளைவை எண்ணித் தைக்க முடியும். அதற்கான கட்டத் தாளை மகள் வரைந்துகொண்டிருக்கிறாள். தொப்பிக் கடைக்காரரிடம் விலையை உயர்த்திக் கேட்டாகிவிட்டது. அவர் இன்னும் விடை சொல்லவில்லை. விரிப்பு 40ஆவது வரிசையில் இருக்கிறது.